தண்டனைச் சட்டம் சொல்லும் "ஃபோர்ஸ்": தமிழில் அதற்கு எந்தச் சொல்?

வழக்குத்தமிழ் (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். பள்ளிப் படிப்பைத் தமிழ் வழியில் முடித்துவிட்டுச் சட்டக் கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவர்களுக்காகக் குற்றவியல் சட்டக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலை, திருட்டு, மோசடி எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டன. இரண்டு வாரமாக ஒரே ஒரு சொல்லில் வண்டி நின்றுவிட்டது.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 128-ஆம் பிரிவு, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 349-ஆம் பிரிவு, "ஃபோர்ஸ்" என்பதற்கு இலக்கணம் சொல்கிறது. அதன் சாரத்தை என் மொழியில் தருகிறேன்: ஒருவர் இன்னொருவரை அசையச் செய்தாலோ, அவருடைய அசைவை மாற்றினாலோ, நிறுத்தினாலோ அது ஃபோர்ஸ். ஒரு பொருளை அப்படி அசைத்து அல்லது நிறுத்தி, அது அவர் உடலிலோ, அவர் உடுத்தியிருப்பதிலோ, அவர் சுமந்திருப்பதிலோ, பட்டால் அவருக்கு உணர்வு தெரியும்படி இருக்கும் வேறெதிலோ படச் செய்தாலும் ஃபோர்ஸ். இதைத் தன் உடல் வலிமையால் செய்யலாம், யாரும் மேற்கொண்டு எதுவும் செய்யாமலே தானாக நடந்தேறும்படி ஒரு பொருளை அமைத்துவைத்துச் செய்யலாம், அல்லது ஒரு விலங்கை ஏவிச் செய்யலாம். குற்றம் என்ற பேச்சே இந்தப் பிரிவில் கிடையாது. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைப்பதும் இந்த இலக்கணத்துக்குள் வந்துவிடும். சம்மதம் இல்லாமல், வேண்டுமென்றே, ஒரு குற்றம் செய்வதற்காகவோ, கேடோ அச்சமோ எரிச்சலோ உண்டாக்கும் நோக்கத்துடனோ, அல்லது அப்படி உண்டாகக்கூடும் என்று தெரிந்தோ செய்தால்தான் 129-ஆம் பிரிவின் கீழ் அது குற்றத்தன்மை பெறுகிறது.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். முதல் வரைவில் "வன்முறை" என்று எழுதியிருந்தேன். வகுப்பில் படித்துக் காட்டியபோது ஒரு மாணவி எழுந்து, "தெருவில் வேண்டுமென்றே தோளால் இடித்துவிட்டுப் போவது வன்முறையா?" என்று கேட்டாள். சட்டத்தின் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஏறத்தாழ அதுவேதான். ஆனால் தமிழில் வன்முறை என்றால் பேருந்து எரிய வேண்டும், கண்ணாடி உடைய வேண்டும். மறுபக்கம், குழாயில் தண்ணீர் "ஃபோர்ஸாக" வரவில்லை என்கிறோம். இலையில் இன்னொரு கரண்டி சோறு வைக்க வருகிறவரிடம் "ஃபோர்ஸ் பண்ணாதீர்கள்" என்கிறோம். சட்டம் ஒன்றிலும் இல்லாத மென்மையும், ஒன்றிலும் அடங்காத கடுமையும் நம் பேச்சில் இருக்கின்றன. உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:

அம்மா, முப்பத்தோரு ஆண்டுகள் குற்றவியல் நீதிமன்றக் கட்டுகளைச் சுமந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் இலக்கணத்தைத் தொடுவதற்கு முன்பு எடுத்துக்காட்டுகளை மொழிபெயர்த்துப் பாருங்கள். சொல் தானாக வரும்.

1860-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 350-ஆம் பிரிவில் முதல் எடுத்துக்காட்டு என்ன? ஆற்றங்கரையில் கட்டியிருக்கும் படகில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். வேறொருவர் கயிற்றை அவிழ்த்துவிடுகிறார், படகு நீரோட்டத்தில் நகர்கிறது. அவ்வளவுதான். கை படவில்லை, குரல் உயரவில்லை, படகில் இருப்பவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் அவரை அசையச் செய்தாயிற்று. அடுத்ததில் ஒருவர் ஏறிச் செல்லும் தேரின் குதிரைகளை இன்னொருவன் சாட்டையால் அடிக்கிறான். அதற்கும் அடுத்ததில் பல்லக்கின் தண்டைப் பிடித்து நிறுத்துகிறான் கொள்ளையடிக்க வந்தவன். பிறகு கல்லெறிதல், பெண்ணின் முகத்திரையை இழுத்தல், குளிக்கிறவரின் தொட்டியில் கொதிநீரை ஊற்றுதல், நாயை ஏவுதல். இந்த வரிசையைக் கவனியுங்கள். படகில் தொடங்கி நாயில் முடிகிறது. எந்த இடத்திலும் அடித்தவனின் கை எவ்வளவு பலமானது என்று சட்டம் கேட்கவில்லை. எதிரில் இருப்பவருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் கேட்கிறது.

என் அனுபவத்தில் இந்தக் குற்றம் தனியாக வழக்கேறுவது அபூர்வம். மூன்று மாதச் சிறை, இப்போது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், முன்பு ஐந்நூறு. அதற்காக யார் படியேறுவார்கள்? அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது (பழைய 353), பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்தது (பழைய 354) என்ற பெரிய பிரிவுகளின் உள்ளுறுப்பாகத்தான் அது நீதிமன்றத்துக்கு வரும். ஆனால் அந்தப் பெரிய பிரிவுகள் நிற்பதும் விழுவதும் இந்தச் சின்ன இலக்கணத்தின் மீதுதான். தாசில்தாரைச் சூழ்ந்துகொண்டு உரக்கக் கத்தினார்கள் என்று மட்டும் சாட்சி சொன்னால் 353 தடுமாறும். வெறும் சொற்கள் தாக்க முனைவதாகாது என்று சட்டமே விளக்கம் எழுதி வைத்திருக்கிறது. சொல்லோடு ஒரு கையசைவாவது வேண்டும்.

இயற்பியல் வாத்தியார்:

எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் மேலே கொடுத்த இலக்கணத்தைப் படித்தவுடன் ஒன்பதாம் வகுப்பில் நிற்கும் உணர்வு வந்துவிட்டது. அசையச் செய்தல், அசைவை மாற்றுதல், அசைவை நிறுத்துதல்: நியூட்டனின் முதல் விதியை நாங்கள் கரும்பலகையில் எழுதும்போது விசைக்குத் தரும் வரையறை ஏறத்தாழ இதுவே. தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவு 1837-இல் மெக்காலே தலைமையிலான ஆணையத்திடமிருந்து வந்தது என்று படித்திருக்கிறேன். எழுதியவர் இயற்பியலைப் பார்த்து எழுதினாரா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது.

ஆகவே "விசை" என்றே வைத்துவிடுங்கள். அதில் கோபமும் இல்லை, ரத்தமும் இல்லை. குற்றமாகும்போது "குற்ற விசை".

ஒரு கிளைச் செய்தி: தமிழ்நாட்டுப் பாடநூலில் விசை, ஆற்றல், திறன் என்று மூன்றையும் பிரிக்கிறோம். இலங்கைப் பாடநூலில் விசை, சக்தி, வலு. முதல் சொல்லில் மட்டும் இரு கரையும் ஒத்துப்போகின்றன. ஆகவே எல்லாருக்கும் பொதுவான சொல் அதுதான்.

வழக்குத்தமிழ்:

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி. தர்க்கப்படி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் "குற்ற விசை" என்று எழுதிப் பார்த்தேன், ஏதோ விசைத்தறியில் நூல் அறுந்தது போல் இருக்கிறது. விசைப்படகு, விசைத்தறி, விசைப்பலகை என்று அந்தச் சொல் இயந்திரத்தின் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது என்ற மனித வாசனை அதில் இல்லை.

தவிர, சட்டத்தின் ஃபோர்ஸ் ஓரிடத்தில் இயற்பியலை விட்டு விலகுகிறது. ஆளில்லாத வீட்டின் பூட்டைக் கடப்பாரையால் நெம்பி உடைப்பது இயற்பியலில் பெரிய விசை. தண்டனைச் சட்டத்தின் இந்தப் பிரிவில் அது ஒன்றுமே இல்லை, ஏனென்றால் ஒரு மனிதர் மீது அது செலுத்தப்படவில்லை. வேறு பிரிவுகளில் அது குற்றம், அது தனிக்கதை. மாறாக, சட்டைக் காலரின் நுனியை இரண்டு விரலால் பிடித்தால் அது ஃபோர்ஸ்.

பத்திர எழுத்தர்:

நான் ஆவணங்கள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் தொழிலில் "ஃபோர்ஸ்" என்ற சொல்லே வராது. ஆனால் ஒவ்வொரு பத்திரத்திலும் அது இல்லை என்று நாங்கள் எழுதுகிறோம். "பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இன்றி, நல்ல நினைவோடும் முழு மனச்சம்மதத்தோடும்" என்ற வரி இல்லாமல் ஒரு தான செட்டில்மெண்ட் பத்திரமும் என் மேசையை விட்டு நகர்ந்ததில்லை. உண்மையைச் சொல்வதானால், எழுதிக்கொடுப்பவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அந்த வரி தட்டச்சாகி இருக்கும். பழைய பத்திரத்தைத் திறந்து பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றுவோம், சம்மதம் அப்படியே இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் அம்மா வந்தார். வயது எண்பதை நெருங்கியிருக்கும். வீட்டைக் கடைசி மகன் பெயருக்கு எழுதிக்கொடுக்கிறார். சார்பதிவாளர் விதிப்படி, "யாராவது கட்டாயப்படுத்தினார்களா?" என்று கேட்டார். அந்த அம்மா பதில் சொல்வதற்கு முன்பு மகனைப் பார்க்கவில்லை, மருமகளைப் பார்த்தார். மருமகள் கையில் மருந்துப் பை இருந்தது. பிறகு, "அதெல்லாம் இல்லைங்க" என்றார். இடது பெருவிரல் ரேகை வைத்தார். விரலில் ஒட்டிய மையைத் துடைக்கத் துணி கொடுத்ததும் அந்த மருமகள்தான். இதில் ஃபோர்ஸ் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்போடு துடைத்தாரா, அவசரத்தில் துடைத்தாரா என்பதும் தெரியாது. ஆனால் வரி மட்டும் பத்திரத்தில் இருந்தது.

உயர்நீதிமன்றத் தாழ்வாரம்:

பத்திர எழுத்தர் ஐயா சொன்னது தண்டனைச் சட்டத்துப் படகும் அல்ல, நாயும் அல்ல. அது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைச் சேர்ந்தது. அங்கே பிரிவு 15 "வற்புறுத்தல்", பிரிவு 16 "தகாத செல்வாக்கு", அதாவது ஒருவர் மீது தனக்குள்ள மேலாண்மையைப் பயன்படுத்தி அவரை இசைய வைப்பது. இந்த இரண்டுக்கும் இடையிலான கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு நம் சென்னை உயர்நீதிமன்றமே இரண்டு பழைய தீர்ப்புகளைத் தந்திருக்கிறது.

ஒன்று 1889-இல் வந்த ரங்கநாயகம்மா வழக்கு. கணவன் இறந்துவிட்டான். மனைவிக்கு வயது பதின்மூன்று. ஒரு பையனைத் தத்தெடுக்கச் சம்மதித்தால்தான் பிணத்தை எடுக்க விடுவோம் என்று உறவினர்கள் தடுத்து நின்றார்கள். அவள் சம்மதித்தாள். அந்தத் தத்து செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. கவனியுங்கள்: அந்தச் சிறுமியை யாரும் தொடவில்லை. நிறுத்தப்பட்டது அவளுடைய அசைவு அல்ல, ஒரு பிணத்தின் பயணம். பிணம் வீட்டில் கிடக்கும்போது நம் ஊர் வீடுகளில் அடுப்பு எரியாது, தெருவே காத்து நிற்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த அழுத்தம் எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று 1917-இல் வந்த அம்மிராஜு வழக்கு. ஒருவர் தன் மனைவியையும் மகனையும் பார்த்து, "என் தம்பிக்குச் சொத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்காவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன்" என்கிறார். அவர்கள் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். இது வற்புறுத்தலா? தண்டனைச் சட்டம் தடைசெய்த செயலைச் செய்வதாக மிரட்டினால்தான் பிரிவு 15 பொருந்தும். தற்கொலை தடைசெய்யப்பட்ட செயலா? செய்து முடித்தவனைத் தண்டிக்க முடியாது, முயன்றவனைத்தான் தண்டிக்கலாம். தண்டிக்க முடியாது என்பதாலேயே அது அனுமதிக்கப்பட்டதாகிவிடாது என்று தலைமை நீதிபதி வாலிஸும் நீதிபதி சேஷகிரி ஐயரும் கருதினார்கள். நீதிபதி ஓல்டுஃபீல்டு உடன்படவில்லை. பெரும்பான்மைப்படி பத்திரம் ரத்துக்குரியதானது.

இதில் இப்போது ஒரு புதிய முடிச்சு விழுந்திருக்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டிக்கும் பழைய 309 இல்லை. அரசு ஊழியரைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. அப்படியானால் மனைவியை மிரட்டும் கணவனின் சொல் இன்று பிரிவு 15-க்குள் வருமா? என் கருத்து, அம்மிராஜு தீர்ப்பின் ஒரு கால் ஆடத் தொடங்கிவிட்டது என்பதே. தகாத செல்வாக்கு என்ற வாசல் வழியாகத்தான் அத்தகைய மனைவி இனி வர வேண்டியிருக்கும்.

பத்திர எழுத்தர்:

அப்படியானால் முதியோர் பாதுகாப்புச் சட்டத்தையும் சொல்லுங்கள். எங்களுக்கு இப்போது அதுதான் தலைவலி.

உயர்நீதிமன்றத் தாழ்வாரம்:

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவைச் சொல்கிறீர்கள். நல்ல நினைவூட்டல். பெற்றவர் தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்து, பிள்ளை பராமரிக்கத் தவறினால், அந்தப் பரிமாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ தகாத செல்வாக்காலோ நடந்ததாகக் கருதப்படும். "கருதப்படும்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எழுதிக்கொடுத்த அன்று யாரும் வற்புறுத்தவில்லை. பாசத்தோடுதான் கையெழுத்துப் போட்டார். நான்கு ஆண்டு கழித்துச் சோறு போடாதபோது, அந்தப் பழைய நாளுக்குள் சட்டம் திரும்பிப் போய் ஒரு வற்புறுத்தலைக் கொண்டுபோய் வைக்கிறது. உலகத்தில் நடக்காத ஃபோர்ஸ் சட்டத்தில் நடந்ததாகிறது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்.

செங்கல்சூளை:

நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன். இந்த உரையாடலில் ஒரு தீர்ப்பு இல்லாமல் போனால் அது நியாயமாகாது. 1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டடங்கள் எழுந்தபோது, ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. குறைந்தபட்சக் கூலி ஒன்பது ரூபாய் இருபத்தைந்து காசு. அதில் ஆளுக்கு ஒரு ரூபாயை, ஆள் பிடித்துத் தரும் ஜமேதார் தரகாக எடுத்துக்கொள்ள, தொழிலாளியின் கைக்குப் போனது எட்டேகால் ரூபாய். யாரும் சாட்டை எடுக்கவில்லை, யாரையும் கட்டி வைக்கவில்லை. தொழிலாளிகள் தாமாகவே நடந்து வந்து வேலை கேட்டார்கள்.

அரசமைப்பின் 23-ஆவது உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. அங்கேயும் ஆங்கிலத்தில் அதே "ஃபோர்ஸ்"தான். நீதிபதி பகவதி அந்தச் சொல்லை உடலால் செலுத்துவதோடு நிறுத்தவில்லை. சட்டத்தின் மிரட்டலால் வருவதும், வேறு வழியே இல்லாத வறுமையால் வருவதும் ஃபோர்ஸ்தான் என்றார். பசித்தவன் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொள்வதைச் சுதந்திரமான ஒப்புதல் என்று சொல்ல முடியாது, ஆகவே குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வாங்கும் உழைப்பு கட்டாய உழைப்பே என்பது முடிவு. படகின் கயிற்றை அவிழ்த்தவர் ஒருவர் இருந்தார். இங்கே அவிழ்த்தவர் என்று யாருமில்லை, நீரோட்டம் மட்டும் இருக்கிறது. அதையும் நீதிமன்றம் ஃபோர்ஸ் என்றது.

மறுப்பவர்:

செங்கல்சூளை ஐயா மீது மரியாதை உண்டு. ஆனால் சொல்லை இந்த அளவுக்கு இழுத்தால் அறுந்துவிடும் என்று அஞ்சுகிறேன். வறுமை ஃபோர்ஸ் என்றால், மாதச் சம்பளத்துக்காகக் காலை ஏழு மணி இரயிலைப் பிடிக்கும் நானும் கட்டாயத் தொழிலாளிதான். எல்லாமே ஃபோர்ஸ் ஆகிவிட்டால் உண்மையில் அடைத்து வைக்கப்பட்ட கொத்தடிமைக்கு என்று தனியாக ஒரு சொல் மிஞ்சாது. 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் தனியாக வந்ததே அந்த வேறுபாட்டை மதித்ததால்தான்.

செங்கல்சூளை:

ஐயா, நீங்கள் தீர்ப்பைப் பாதியில் நிறுத்துகிறீர்கள். வறுமையால் வேலைக்குப் போவதெல்லாம் கட்டாய உழைப்பு என்று அது சொல்லவில்லை. குறைந்தபட்சக் கூலி என்ற ஒரு தரையைச் சட்டம் போட்டிருக்கிறது. அந்தத் தரைக்குக் கீழே ஒருவன் சம்மதிக்கிறான் என்றால் ஏதோ ஒன்று அவனைத் தள்ளியிருக்க வேண்டும் என்று அனுமானிக்கிறது. உங்கள் ஏழு மணி இரயில் தரைக்கு மேலேதான் ஓடுகிறது.

மறுப்பவர்:

தரை என்ற விளக்கத்தை ஏற்கிறேன். அப்போதும் அதைத் தண்டனைச் சட்டத்து ஃபோர்ஸோடு ஒரே தமிழ்ச் சொல்லில் கட்டக் கூடாது என்பதில் மாற்றமில்லை. அங்கே "கட்டாயம்", இங்கே வேறு.

மல்லிகைப்பந்தல்:

எல்லாரும் தவிர்க்கும் சொல்லை நான் எடுக்கிறேன்: பலாத்காரம். வடமொழியில் அதன் பொருள் பலத்தால் செய்வது என்பதுதான். பழைய செய்தித்தாள்களில் "பலாத்காரமாகக் கதவைத் திறந்தனர்" என்றும் எழுதுவார்கள். இன்று அப்படி எழுதினால் படிப்பவர் திடுக்கிடுவார். "பாலியல் பலாத்காரம்" என்ற தொடரிலேயே வாழ்ந்து வாழ்ந்து அந்தச் சொல் ஒரே குற்றத்தின் பெயராகிவிட்டது.

அதனால் விளைந்த கேட்டைச் சொல்ல வேண்டும். குற்றத்தின் பெயரிலேயே "பலம்" இருப்பதால், பலம் காட்டிய அடையாளம் எங்கே என்று கேட்கும் பழக்கம் ஊருக்கும் வந்தது, நீதிமன்றத்துக்கும் வந்தது. மகாராட்டிரத்தில் 1972-இல் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமையில், உடலில் காயமில்லை, அவள் கூச்சலிடவில்லை என்பதை முன்வைத்து 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. நான்கு சட்டப் பேராசிரியர்கள் அடுத்த ஆண்டு எழுதிய திறந்த மடல், பணிந்துபோவதும் சம்மதிப்பதும் ஒன்றல்ல என்று எடுத்துச் சொன்னது. 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2013-இல் வந்த திருத்தம், உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு பெண் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது என்று எழுத்திலேயே வைத்தது. அந்த விளக்கம் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே அந்தக் குற்றத்தில் கேள்வி பலத்தைப் பற்றியதே அல்ல, சம்மதத்தைப் பற்றியது. வன்புணர்வு என்று எழுதுவதிலும் "வன்" ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்பது என் தீராத மனக்குறை.

ஆடையைப் பற்றியும் ஒரு சொல். 2021-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, குழந்தைகள் பாதுகாப்புச் சட்ட வழக்கொன்றில் ஆடைக்கு மேலாகத் தொட்டதைப் பாலியல் தாக்குதலாகக் கொள்ள முடியாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அது வேறு சட்டம், வேறு சொல் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் "அவர் உடுத்தியிருப்பதில் பட்டாலும்" என்று 1860-லேயே ஒரு சட்டம் தெளிவாக எழுதி வைத்திருந்ததை நினைக்கும்போது வியப்பாக இருக்கிறது.

இயற்பியல் வாத்தியார்:

சகோதரி எழுதியதைப் படித்த பிறகு விசையை நான் விட்டுக்கொடுக்கிறேன். விசையில் சம்மதம் என்று ஒரு கூறு கிடையாது.

சாத்தூர் வெள்ளரி:

இலகுவான ஒரு குறிப்பு. "கட்டாயம்" என்ற சொல்லுக்கு நம் பேச்சில் என்ன ஆயிற்று என்று பார்த்தீர்களா? "கல்யாணத்துக்குக் கட்டாயம் வந்துவிடுங்கள்" என்கிறோம். "கட்டாயம் வருகிறேன்" என்று பதில் வருகிறது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, இருவரும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள். "நிச்சயம்" என்ற பொருளுக்கு அது முழுமையாகக் குடிபெயர்ந்துவிட்டது. கட்டாயம் வருகிறேன் என்றவர் வராமல் இருப்பதும் வழக்கமாகிவிட்டது என்பதால், அதில் ஃபோர்ஸ் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

உயர்நீதிமன்றத் தாழ்வாரம்:

சிரிக்க வைத்தீர்கள். அதே "கட்டாயம்" 2002-இல் நம் சட்டமன்றத்துக்குள் நுழைந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் "ஃபோர்ஸ்" என்பதற்குத் தனியாக இலக்கணம் வைத்திருந்தது. பலத்தைக் காட்டுவது, கேடு வரும் என்று மிரட்டுவது, சமூகத்திலிருந்து விலக்கிவைப்பதாக மிரட்டுவது ஆகியவற்றோடு, தெய்வத்தின் சினம் வரும் என்று அச்சுறுத்துவதும் ஃபோர்ஸ் என்றது. மத்தியப் பிரதேசம், ஒரிசா ஆகியவற்றின் 1960-களின் சட்டங்களிலிருந்து வந்த வாசகம் அது. "பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லாத பாட்டி இந்த நாட்டில் உண்டா? மதத்தின் பேச்சே பாதி அச்சுறுத்தல் என்றிருக்கும்போது, எந்த வாக்கியத்தில் போதனை முடிந்து ஃபோர்ஸ் தொடங்குகிறது என்று ஒரு காவல் ஆய்வாளர் எப்படி முடிவு செய்வார்? அந்தச் சட்டம் இங்கே நிலைக்கவில்லை, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. நல்லதே என்பேன். இலக்கணம் விரிய விரிய, அதைக் கையில் வைத்திருப்பவரின் விருப்பமும் விரியும்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:

விரியும் பக்கத்தைப் பேசினோம், சுருங்கும் பக்கமும் இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்தைப் பலம் கொண்டு கலைக்கும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-இல் இருந்தது, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148. மறுநாள் செய்தித்தாளில் வருவது "போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்". லேசான என்ற அடைமொழியை எந்தச் சட்டத்திலும் நான் கண்டதில்லை. தோளால் இடித்தால் ஃபோர்ஸ், மூங்கில் தடியால் அடித்தால் லேசானது. கையேட்டில் இதையும் ஓர் அடிக்குறிப்பாகச் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம்.

சிங்கைத் தமிழன்:

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டமும் அதே வேரிலிருந்து வந்தது. எங்களுக்கும் 349, 350 என்ற எண்களே. நீங்கள் எண்ணை மாற்றிவிட்டீர்கள், நாங்கள் இன்னும் பழைய எண்ணிலேயே இருக்கிறோம். ஆகவே நீங்கள் எந்தச் சொல்லை முடிவு செய்தாலும் இங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்கும் அது உதவும்.

வழக்குத்தமிழ்:

அனைவருக்கும் நன்றி. ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எல்லாச் சட்டத்துக்கும் ஒரே சொல் என்ற ஆசையை விட்டுவிடுகிறேன். ஒப்பந்தச் சட்டத்தில் வற்புறுத்தல், 23-ஆவது உறுப்பில் கட்டாயம், சட்டம் "இன் ஃபோர்ஸ்" என்று வரும் இடத்தில் நடைமுறையில் இருப்பது அல்லது செல்லுபடியாவது. தண்டனைச் சட்டத்தின் 128-க்கு மட்டும் "வலு". அதைச் செய்வது "வலுச் செலுத்துதல்". 129-க்குக் "குற்றமுறு வலு". வலுச்சண்டை, வலுக்கட்டாயம், "வலியப் போய் வம்புக்கு இழுத்தான்" என்றெல்லாம் நம் பேச்சில் இந்த வேர் உயிரோடு இருக்கிறது. எதிரில் இருப்பவர் கேட்காததை அவர் மீது செய்வது என்ற சாயலும் அதில் இருக்கிறது, ரத்தம் இல்லை.

இயற்பியல் வாத்தியார்:

யாழ்ப்பாணத்து மாணவர் உங்கள் கையேட்டைப் படித்தால் வாட் கணக்கில் தண்டனை கேட்பார். அங்கே வலு என்றால் ஒரு நொடியில் செய்யும் வேலை.

வழக்குத்தமிழ்:

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா, முன்னுரையில் ஒரு வரி எழுதிவிடுகிறேன். கடைசியாகச் சிரஸ்தார் ஐயாவிடம் ஒரு கேள்வி. பல்லக்கும் தேரும் மாணவர்களுக்குக் கதை போல் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் இன்றைய எடுத்துக்காட்டாக இதை வைக்கலாமா: தவணை கட்டாதவரின் இருசக்கர வண்டியைச் சாலையில் மறித்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியைத் திருகி எடுத்துக்கொள்கிறார் வசூல் ஆள். வண்டி நிற்கிறது.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்:

தாராளமாக வைக்கலாம் அம்மா. பல்லக்குத் தண்டைப் பிடித்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வண்டியில் இருந்தவரின் அசைவு நின்றது, அவர் சம்மதிக்கவில்லை, எரிச்சலோ அச்சமோ வரும் என்று வசூல் ஆளுக்குத் தெரியும். ஆனால் பக்கத்திலேயே இன்னொன்றையும் வையுங்கள்: அதே வண்டி டீக்கடை வாசலில் நிற்கிறது, உரிமையாளர் உள்ளே வடை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், வசூல் ஆள் மாற்றுச் சாவி போட்டு வண்டியை எடுத்துப் போகிறார். அது திருட்டா, கடன் ஒப்பந்தப்படி உரிமையா என்று வாதாடலாம். ஆனால் அவர் மீது வலு செலுத்தப்படவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுத்து, எது 129 என்று கேள்வித்தாளில் கேளுங்கள். பாதிப் பேர் டீக்கடையைத்தான் எழுதுவார்கள்.